ரன்னே வராத ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி: நெல்லையிலிருந்து பேஸ்பால் பார்ப்போருக்கு

1-0 என்று முடிந்த பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்னவே இது, ரெண்டரை மணி நேரத்துல ஒத்த ரன்னா?" என்று கேட்காத கிரிக்கெட் ரசிகர் சங்கர் நகர் மைதானத்தைச் சுற்றி ஒருவரும் இருக்க மாட்டார். கேள்வியில் தப்பில்லை. கிரிக்கெட்டில் அவுட் என்பது அபூர்வம், ரன் சாதாரணம். பேஸ்பாலில் அது தலைகீழ். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை ஹிட் அடிப்பவரே, அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடி, மைதான மூலையில் இருக்கும் பேஸை அவுட் ஆகாமல் எட்டுபவரே, அங்கே பெரிய ஆட்டக்காரர். ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று என்று 27 அவுட் எப்படியும் விழத்தான் போகிறது. பந்தை எறியும் பிட்ச்சர் அதை எத்தனை பந்தில், எவ்வளவு குறைந்த ஆபத்தில் வாங்கினார் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. ஸ்கோர் பலகையில் அது தெரியாது. கையில் ஒரு நோட்டு வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் (எம்.எல்.பி.) சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஓடும், அக்டோபர் முழுக்க நாக்-அவுட். இந்த மாதங்களில் அமெரிக்கக் கிழக்குக் கரை நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். நியூயார்க்கில் இரவு 7:05 ஆட்டம் நமக்கு விடிகாலை 4:35. சிகாகோ வட்டாரத்து இரவு 7:10 என்றால் நமக்கு 5:40. லாஸ் ஏஞ்சலஸில் இரவு 7:10 என்றால் காலை 7:40, வேலைக்குப் போகிறவருக்கு ஆகாது. விடிகாலையில் எழ முடியாதவர்கள் கிழக்குக் கரையின் பகல் ஆட்டங்களைப் பார்க்கலாம். அங்கே மதியம் 1:05 என்றால் இங்கே இரவு 10:35. தேதியில் ஏமாறாதீர்கள், அவர்களுடைய வெள்ளி இரவு நமக்குச் சனிக்கிழமை காலை. 2023-இல் பந்து வீசுவதற்கு நேரக் கட்டுப்பாடு வந்த பிறகு ஒரு ஆட்டம் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. காலை 4:35-க்கு உட்கார்ந்தால் ஏழேகாலுக்கு எழுந்துவிடலாம். படம் கிடைக்காத நாளில் எம்.எல்.பி. செயலியின் கேம்டே பக்கமே போதும். ஒவ்வொரு பந்தின் வேகமும் அது எங்கே விழுந்தது என்பதும் புள்ளியாக வந்துவிடும்.

கிரிக்கெட் கண்ணை எங்கே மாற்றிக்கொள்ள வேண்டும்

பந்து தரையில் படாது. ஆகவே பிட்ச் எப்படி, பனி விழுகிறதா, மூன்றாம் நாள் சுழலுமா என்ற பேச்செல்லாம் இங்கே செல்லாது. பிட்ச்சர் நிற்கும் மேடு 10 அங்குல உயரம். அங்கிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் (பேஸ்களைச் சுற்றி வந்து இதைத் தொட்டால்தான் ரன்) வரை 60 அடி 6 அங்குலம், அதாவது நம்முடைய 22 கெஜத்தைவிட ஐந்தரை அடி குறைவு. பிட்ச்சர் நீளமாகக் காலெடுத்து வைத்து விடுவதால் பந்து பறக்கும் தூரம் இன்னும் குறைகிறது. வேகப்பந்து சராசரியாக மணிக்கு 150 கிலோமீட்டர். கையை விட்ட பந்து பேட்டரிடம் வர அரை வினாடிகூட ஆகாது.

"எறியுறான்லே" என்று நம் ஊர் டென்னிஸ் பந்து டோர்னமென்டில் சண்டை வருமே, அந்த எறிதான் இங்கே முழு வேலையும். முழங்கையை மடக்கி எறிவதால் விரலும் மணிக்கட்டும் சுழற்சியைக் கொடுக்கின்றன. 108 இரட்டைத் தையல் உள்ள பந்து காற்றிலேயே வளைகிறது. பின்சுழற்சியோடு வரும் நேர்வேகப்பந்து பேட்டர் எதிர்பார்க்கும் அளவுக்கு இறங்காது, எழும்புவதுபோலத் தெரியும். கர்வ் பந்தில் சுழற்சி முன்பக்கமாக இருப்பதால் அது சட்டென்று கீழே விழும். டென்வர்போல ஐயாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். அங்கே கர்வ் சரியாக வளையாது, அடித்த பந்தும் கூடுதல் தூரம் போகும். அங்கே ஒரு பிட்ச்சர் 4 ரன் கொடுத்தார் என்பதையும் கடலோர ஊரில் 4 ரன் கொடுத்தார் என்பதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. காற்றும் அப்படித்தான். ஆடி மாதம் கயத்தாறு பக்கம் நின்று பந்தை மேலே தூக்கி அடித்துப் பார்த்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்தையே எடைபோடுவார்கள்.

இன்னொன்று, பந்தைப் பழசாக்கி ரிவர்ஸ் ஸ்விங் எடுக்கும் வழியே கிடையாது. மண்ணில் பட்டு உரசினால் அம்பயர் பந்தை மாற்றிவிடுவார். புதுப் பந்து வழுக்கும் என்பதால் ஆட்டத்துக்கு முன்பே ஒவ்வொன்றிலும் டெலவேர் ஆற்றுப் பக்கத்திலிருந்து எடுத்த சேற்றைத் தேய்த்து வைப்பார்கள். கோடிகள் புரளும் விளையாட்டில் இன்றைக்கும் ஆற்றுச் சேறுதான். தாமிரபரணி வண்டலை விரலிடையில் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

நோட்டு போடும் முறை

நீள நோட்டில் ஒரு பிட்ச்சருக்கு ஒரு பக்கம். ஒரு பேட்டருக்கு ஒரு வரி. 27 வரி எண் போட்டுக்கொண்டு, 9-க்குக் கீழும் 18-க்குக் கீழும் அழுத்தமாகக் கோடு இழுங்கள். இந்த இரண்டு கோடும் ஏன் என்பது பின்னால் வரும். நிற்கும் பத்திகள் ஐந்து: இன்னிங்ஸ், முதல் பந்து, மொத்தப் பந்து, முடிவு, கையுறை.

பேட்டர் மட்டையை வீசித் தவறவிட்டதும், பிளேட்டுக்கு மேலே முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே வந்ததை அடிக்காமல் விட்டதும் ஸ்ட்ரைக், மூன்று சேர்ந்தால் அவுட். அந்தப் பரப்புக்கு வெளியே வந்ததை அடிக்காமல் விட்டால் பால். முதல் பந்து ஸ்ட்ரைக் என்றால் கறுத்த புள்ளி, பால் என்றால் வெறும் வட்டம். முடிவுக்கு அமெரிக்கக் குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். மட்டையை வீசி ஏமாந்து போனால் 'வீ', பார்த்துக்கொண்டே நின்று மூன்றாவது ஸ்ட்ரைக் வாங்கினால் 'பா', நாலு பால் வாங்கி முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போனால் 'ந', தரையில் உருண்டு அவுட் ஆனால் 'த', உயரே பிடிபட்டால் 'உ', ஹிட் 'ஹி', நம் சிக்ஸர்போல வேலியைத் தாண்டும் ஹோம் ரன் 'ஹோ'. பந்து மட்டையில் 'ணங்'கென்று பட்டால், அது அவுட்டே ஆனாலும், எழுத்தின் கீழே ஒரு கோடு போடுங்கள். திரையில் அடியின் வேகம் காட்டினால் மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கிலோமீட்டர், அதற்கு மேல் போனதற்கெல்லாம் கோடு. இந்த அடிக்கோட்டை விட்டுவிட்டால் நோட்டு போட்டதில் பாதிப் பயன் போயிற்று.

கையுறைப் பத்திதான் பழக நேரம் பிடிக்கும். பந்து வருமுன், நம் விக்கெட் கீப்பர்போல பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்ச்சர் கையுறையை ஓரிடத்தில் காட்டுவார். பந்து அங்கேயே வந்து விழுந்ததா, அல்லது அவர் குறுக்கே கையை நீட்டிப் பிடித்தாரா? வெளி மூலையில் கேட்டது உள் மூலைக்கு வந்து, பேட்டர் தடுமாறி அதையும் ஸ்ட்ரைக் ஆக்கிவிட்டால் கணக்கில் அது நல்ல பந்து. உண்மையில் அது தவறிய பந்து. ஒரு பேட்டருக்கு இரண்டு முறைக்கு மேல் கையுறை நகர்ந்தால் அந்த வரியில் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறிகள் கூடும்போது ரன் வராவிட்டாலும் ஆபத்து நெருங்குகிறது. கேமரா பெரும்பாலும் நடுமைதானத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கும். அதனால் மூலைப் பந்துகள் வெளியே போவதுபோலத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அம்பயரைத் திட்டாமல், கையுறையை மட்டும் பாருங்கள்.

புதியவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் தவறுவார்கள். ஸ்ட்ரைக் எண்ணிக்கையில், எல்லைக் கோட்டுக்கு வெளியே அடிபட்டுப் போன ஃபவுலும், அடிக்கப்பட்டு மைதானத்துக்குள் போன பந்தும் சேரும். "70 ஸ்ட்ரைக்" என்றால் பேட்டர் 70 முறை ஏமாந்தார் என்று பொருளில்லை. அடுத்து, எண்ணிக்கை சொல்லும்போது பால்தான் முன்னே வரும். 2-1 என்றால் இரண்டு பால், ஒரு ஸ்ட்ரைக்.

எத்தனை பந்து, எத்தனை நல்லது

ஒரு இன்னிங்ஸுக்கு 15 பந்து என்பது நடுவாந்தரம். 12-க்குள் முடிந்தால் சிக்கனம். ஒரே இன்னிங்ஸில் 25 தாண்டினால், ரன்னே போகாவிட்டாலும், அந்தக் கை இரண்டு இன்னிங்ஸ் முன்னதாகவே களைக்கும். ஸ்டார்ட்டர் என்ற முதல் பிட்ச்சரை 100 பந்துக்குப் பக்கத்தில் எடுத்துவிடுவது இன்றைய வழக்கம். 15 பந்து வீதம் போனால் ஆறேழு இன்னிங்ஸ்தான். ஒன்பதையும் முடிக்க இன்னிங்ஸுக்கு 11, 12 பந்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது.

இங்கேதான் ஸ்ட்ரைக் அவுட் மயக்குகிறது. திரையில் பெரிதாகப் போடுவார்கள், கூட்டம் கத்தும். ஆனால் அதற்குக் குறைந்தது 3 பந்து வேண்டும், ஃபவுல் ஆகி இழுத்தால் ஏழு, எட்டு. முதல் பந்திலேயே தரையில் உருட்டவைத்தால் ஒரு பந்தில் ஓர் அவுட். அதற்காக ஸ்ட்ரைக் அவுட் வீண் என்று சொல்லிவிட முடியாது. மைதானத்துக்குள் அடித்த பந்தில் பத்தில் மூன்று எப்படியும் ஹிட் ஆகிவிடும், ஸ்ட்ரைக் அவுட்டில் அந்தச் சூதாட்டம் இல்லை. எதிரணி ஆள் மூன்றாவது பேஸில் நிற்கும்போது ஸ்ட்ரைக் அவுட் தேடுவதும், பேஸ் காலியாக இருக்கும்போது உருட்டவைத்துப் பந்தை மிச்சம்பிடிப்பதும் தேர்ந்த பிட்ச்சரின் அடையாளம்.

மன்னிக்கக் கூடாதது நடை. நாலு பாலில் ஒருவரைச் சும்மா அனுப்புவது, நம் கணக்கில் வைடும் நோபாலுமாகப் போட்டு ஓவரை இழுப்பதற்குச் சமம். பந்தும் செலவு, ஆளும் பேஸில். 2014 ஜூன் 18 அன்று கிளேட்டன் கெர்ஷா ஹிட்டே கொடுக்காமல் 107 பந்தில் முடித்த ஆட்டத்தில் 15 ஸ்ட்ரைக் அவுட், நடை பூஜ்யம். பேஸுக்கு வந்த ஒரே ஆளும் ஃபீல்டர் தவறால் வந்தவர். 15-ஐவிட அந்தப் பூஜ்யத்தைத்தான் பெரிதாக நினைக்க வேண்டும்.

அல்வா கொடுப்பது

நெல்லைக்காரருக்கு சேஞ்சப் பந்தை விளக்குவது சுலபம். வேகப்பந்துக்கு வரும் அதே கைவீச்சு, அதே உடல் அசைவு, ஆனால் பந்து மட்டும் மணிக்கு 13, 16 கிலோமீட்டர் மெதுவாக வரும். பேட்டர் முன்னதாகவே சுற்றிவிடுவார். கொடுத்தது அல்வா. இது பலிக்க வேண்டுமானால் வேகப்பந்தின் மீது பேட்டருக்குப் பயம் இருக்க வேண்டும். முதல் சுற்றில் வேகப்பந்தை நன்றாகக் காட்டி, அடுத்த சுற்றில் சேஞ்சப்பையும், வேகப்பந்துபோல வந்து கடைசியில் கீழே இறங்கும் ஸ்ப்ளிட்டரையும் எடுப்பவர் திட்டத்தோடு வீசுகிறார். எல்லாப் பந்தையும் முதல் இன்னிங்ஸிலேயே காட்டிவிட்டவருக்கு ஐந்தாவதில் புதிதாகக் கொடுக்க ஒன்றும் இராது.

9, 18-க்குக் கீழே கோடு போட்டது இதற்காகத்தான். ஓர் அணிக்கு ஒன்பது பேட்டர், ஒன்பது வரி ஒரு சுற்று. ஒரே பேட்டர் ஒரே பிட்ச்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது நன்றாக அடிக்கிறார் என்பது நீண்ட காலக் கணக்கில் உறுதியான விஷயம். இரண்டாவது கோட்டுக்குக் கீழே அடிக்கோடுகள் கூடுகின்றனவா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் அன்றைக்கு நீங்கள் பார்ப்பது அசல் ஆட்டம்.

2025 உலகத் தொடரின் (எம்.எல்.பி. சீசனின் இறுதித் தொடர்) இரண்டாவது ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்துப் பழகலாம். நமக்கு அக்டோபர் 26, ஞாயிறு விடிகாலை. டொரன்டோவில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ முதல் இன்னிங்ஸிலேயே முதல் இரண்டு பேரையும் பேஸில் விட்டார், ஆனால் ரன் விடவில்லை. மூன்றாவதில் ஒரு ரன் போனது. கடைசியாக வந்த 20 பேரும் வரிசையாக அவுட். 105 பந்து, 4 ஹிட், 8 ஸ்ட்ரைக் அவுட், நடை இல்லை, ஒன்பது இன்னிங்ஸும் அவரே. அதற்கு முந்தைய சுற்றிலும் மில்வாக்கிக்கு எதிராக முழு ஆட்டத்தையும் அவரே வீசி முடித்திருந்தார். நாக்-அவுட் கட்டத்தில் இப்படி அடுத்தடுத்து இரண்டு முழு ஆட்டம் 2001-இல் கர்ட் ஷில்லிங்குக்குப் பிறகு யாரும் வீசவில்லை. நோட்டோடு பார்த்தால், தொடக்கத்தில் தடுமாறிய பிட்ச்சர் நடு இன்னிங்ஸ்களில் பந்தை எப்படி மிச்சம்பிடித்தார் என்பது மொத்தப் பந்துப் பத்தியிலேயே தெரியும்.

களைப்பு எங்கே தெரியும்

வேகம் ஆட்டத் தொடக்கத்தைவிட 2, 3 கிலோமீட்டர் குறைவது முதல் அடையாளம். ஒரு பந்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரு இன்னிங்ஸின் வேகப்பந்துகளை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். சிலர் வேகத்தைச் சேமித்து வைத்து, ஆள் பேஸுக்கு வந்த பிறகுதான் முழுவதும் இறக்குவார்கள். அடுத்தது, தோள் இறங்கிக் கை தாழ்வதால் பந்து எறியும் கைப் பக்கமாக உயரே தவறுவது. வலக்கைப் பிட்ச்சருக்கு அப்படி மூன்று பந்து தொடர்ந்து போனால் கேட்ச்சரே மேட்டுக்கு நடந்து வருவார். கடைசியாக, கீழே விழ வேண்டிய ஸ்லைடர் விழாமல் இடுப்புயரத்தில் சும்மா சுழன்றுகொண்டு வருவது. அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் 'ஹோ'.

இந்த நேரத்தில் பயிற்சியாளர் தொலைபேசியை எடுக்கிறாரா, மாற்றுப் பிட்ச்சர்கள் எழுந்து கை சூடேற்றுகிறார்களா என்றும் பாருங்கள். வந்த மாற்றாள் குறைந்தது மூன்று பேட்டரையாவது சந்திக்க வேண்டும், இல்லையென்றால் இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்பது 2020 முதல் விதி.

மறுநாள் எண்களைப் படிப்பது

செய்தியில் "6.1 இன்னிங்ஸ்" என்று வந்தால் ஆறும் மூன்றில் ஒன்றும். 6.2 என்றால் ஆறும் மூன்றில் இரண்டும். நம் ஓவர் கணக்கில் 6.3 என்பது ஆறரை ஓவர் என்பதுபோல. இ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் என்ற கணக்கு. 6.1 இன்னிங்ஸில் 2 ரன் என்றால் 2-ஐ 9-ஆல் பெருக்கி 6.33-ஆல் வகுக்க வேண்டும், 2.84 வரும். 6.1-ஆல் வகுத்து 2.95 என்று சொல்பவர்கள் உண்டு. ஃபீல்டர் தவறால் வந்த ரன் இதில் சேராது. பிட்ச்சருக்குப் போடும் 'வெற்றி', 'தோல்வி' கணக்கை அப்படியே விட்டுவிடலாம். தன் அணி ஒன்றும் அடிக்காவிட்டால் பிட்ச்சர் என்ன செய்வார்?

கணக்கைவிட நோட்டையே நம்புங்கள். ரன் பூஜ்யம், ஆனால் அடிக்கோடு எட்டு, பெருக்கல் குறி ஆறு என்றால் அந்தப் பிட்ச்சர் அதிர்ஷ்டத்தில் தப்பியவர். ரன் மூன்று, அடிக்கோடு இரண்டு, நடை இல்லை என்றால் நன்றாக வீசித் தோற்றவர். அடுத்த ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டுகிறவர் (கட்டாதீர்கள்) இரண்டாமவரைத்தான் பார்ப்பார்.

அணி நிலை: சாரல் விழும் வரை பொறுங்கள்

ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். 100 ஆட்டம் ஜெயித்தால் பிரமாதமான அணி, அதுவே 62 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழேதான். அதாவது சிறந்த அணியும் ஐந்தில் இரண்டு நாள் தோற்கும். ஏழு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்ததும் துள்ளுவதும், ஐந்து தோற்றதும் "டீம் முடிஞ்சுது" என்பதும் ஏப்ரல் மாதத்து வியாதி. குற்றாலத்தில் சீசன் தொடங்கும் ஜூன் முதல் வாரத்தில் ஒவ்வொரு அணியும் 60 ஆட்டத்தைத் தொட்டிருக்கும். அதுவரை தீர்ப்பு எழுதாமல் இருப்பது நல்லது. அதுகூடப் போதாமல் போகலாம். 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டத்தில் 19 ஜெயித்து 31 தோற்றது. அந்த வருடம் உலகத் தொடரை வென்றது அதே அணிதான். ஒற்றை இரவு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2023 டி.என்.பி.எல். இறுதியில் சொந்த மைதானமான சங்கர் நகரில் நெல்லை ராயல் கிங்ஸ் கோவையிடம் 104 ரன்னில் தோற்றது. இறுதி வரை வந்த அணிதான் அதுவும்.

வெற்றி-தோல்விக்குப் பதிலாக அடித்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் எடுங்கள். இரண்டையும் தனித்தனியே வர்க்கம் செய்து, அடித்ததன் வர்க்கத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த வழி இது. ஓர் அணி 50 ஆட்டத்தில் 240 ரன் அடித்து 200 கொடுத்திருந்தால் 57,600-ஐ 97,600-ஆல் வகுக்க 0.59 வரும், அதாவது ஏறத்தாழ 29, 30 வெற்றிக்குத் தகுதி. அந்த அணி 35 ஜெயித்திருந்தால் ஒரு ரன் வித்தியாச ஆட்டங்கள் அதன் பக்கம் விழுந்திருக்கின்றன. அது எப்போதும் அப்படியே விழாது. 25 மட்டுமே ஜெயித்திருந்தால் பொறுத்திருந்து பார்க்கலாம். 15-2 போன்ற ஒரு கூத்தான ஆட்டம் கணக்கைக் குலைக்கும் என்பதால் 20 ஆட்டத்துக்குக் குறைவாக இதைப் போடாதீர்கள்.

பிறகு வரிசை. ஸ்டார்ட்டர்கள் ஐந்து பேர், சில அணியில் ஆறு பேர், முறை வைத்து வீசுவார்கள். நாளைய ஆட்டத்தில் "அணி" என்பது பாதி நாளைய ஸ்டார்ட்டர்தான். மூன்று ஆட்டத் தொடரில் எதிரணியின் நாலாவது, ஐந்தாவது ஆட்களைச் சந்தித்து மூன்றும் ஜெயித்தவரைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதே நேரம், கடந்த மூன்று நாளில் மாற்றுப் பிட்ச்சர்கள் யார் யார் வீசினார்கள் என்று தனித் தாளில் பெயருக்கு எதிரே பந்து எண்ணிக்கையோடு குறித்து வையுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து வீசியவர் மூன்றாம் நாள் பெரும்பாலும் வரமாட்டார், வந்தாலும் வேகம் இராது. முதல் நாள் ஸ்டார்ட்டர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே வெளியேறியிருந்தால் அந்தச் சுமையை அடுத்த இரண்டு நாளும் சுமப்பது இவர்கள்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி ஏழாவது இன்னிங்ஸில் "இன்னும் ரன் வரலையே தம்பி" என்றால் நோட்டை அவர் பக்கம் திருப்பி, இரண்டாவது கோட்டுக்குக் கீழே ஒரு அடிக்கோடுகூட இல்லை என்று காட்டுங்கள். எட்டாவது இன்னிங்ஸ் முதல் பந்து வருவதற்குள் டீ போட்டு முடித்துவிடுங்கள். இன்னிங்ஸ் இடைவேளை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும்.